மேஸ்திரி வீட்டுக்கு ஒரு மடக்கு ஏணி

"பெயின்ட் மேஸ்திரி காசு குடுத்து வீட்டுக்கு ஏணி வாங்குறார்னு வெளிய தெரிஞ்சா எவனும் வாயால சிரிக்க மாட்டான்" என்றார் மேஸ்திரி, செருப்பைத் தேடிக்கொண்டே. செருப்பு அவர் கண்ணெதிரேதான் கிடந்தது.

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் வந்து அடுப்படி பல்பை மாட்டிக் குடுப்பானா?" என்றாள் அவர் மனைவி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசற்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். தையல் மெஷினுக்கு உறை போட்டாயிற்று. சனிக்கிழமை என்றால் துணி வாங்கிப்போக ஆள் வருகிற நாள். வந்து கதவைத் தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும் என்று முடிவு கட்டியிருந்தாள்.

மேஸ்திரியிடம் ஏணி இல்லாமல் இல்லை. ஆளுயரத்தில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று, இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகிற ஒன்று என்று எல்லாம் உண்டு. ஆனால் அவை வேலை நடக்கிற இடத்திலேயே குடியிருப்பவை. ஒரு வீட்டில் வேலை முடிந்தால் அங்கிருந்து நேரே அடுத்த வீட்டுக்குப் போகும். மேஸ்திரி வீட்டு வாசலை அவை மிதித்ததே கிடையாது. ஊர்ச் சுவரையெல்லாம் பளபளவென்று ஆக்குகிறவர் வீட்டுச் சுவர் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. பல்பு மாட்டவோ, பரணிலிருந்து எதையாவது எடுக்கவோ வேண்டுமென்றால் நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் மேஸ்திரி ஏறிவிடுவார். கீழே அவள் "ஐயோ, ஐயோ" என்று கத்துவாள். மேலே அவர் வேண்டுமென்றே ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டுவார். கோபமும் சிரிப்புமாக அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்ட மனிதர் பல்பு போய் வாரக்கணக்காகியும் அதைத் தொடவில்லை. நாளைக்கு என்றார். ஸ்டூல் ஆடுகிறது என்றார். புதுப் பல்பு வாங்கி வந்து அலமாரியில் வைத்தவர், அதைத் தினமும் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். அவள் கதவு வழியே வரும் வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பல்பு ஒன்றுதான் என்றால் சோம்பல் என்று விட்டிருப்பாள். அவளைக் கலங்கடித்தது ஒரு சட்டைக் காலர். கல்யாணமான நாளிலிருந்து மேஸ்திரியின் சட்டைகளில் முதலில் நைந்துபோவது பின்கழுத்துப் பக்கம்தான். நாள் முழுக்க அண்ணாந்து கூரைக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதருக்கு வேறு எங்கே நையும்? சில மாதத்துக்கு ஒருமுறை அவள் காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுப்பாள். போன வாரம் வழக்கம்போல் ஒரு சட்டையைப் பிரிக்க எடுத்தவள், விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலர் புதுசு போல் இருந்தது. இன்னொரு சட்டையை எடுத்தாள். அதுவும் அப்படியே. இந்த மனுஷன் அண்ணாந்து பார்த்துப் பல மாதம் ஆகிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் விட்டத்தை ஒரு பார்வை பார்க்கிற ஆள் அவர். முதன்முதலாக அவளைப் பார்க்க வந்த அன்றுகூட அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைத்தான் பார்த்தார். "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "மூலையில ஓதம் ஏறியிருக்கு, கவனிக்கணும்" என்று சொல்லி மானத்தை வாங்கினார். அந்த ஆள் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார். படுக்கையில் புரண்டு படுக்கும்போது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். "என்னங்க பண்ணுது?" என்றால் "ஒண்ணுமில்லையே" என்பார். நேராகக் கேட்டால் பிடி கொடுக்கிற ஆளா அவர்?

கேட்காமலும் இருக்க முடியாது. திங்கட்கிழமை புது வேலை ஆரம்பம். கடைத்தெருவில் புதிதாகக் கட்டியிருக்கும் பெரிய துணிக்கடை. அதன் முன்கூடம் அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் உயரம். கூரையில் வளைவு வளைவாகச் சிமென்ட்டில் பூ வேலை. நடுவில் இருக்கிற பெரிய பூவுக்கு மேஸ்திரியே தன் கையால் நிறம் கொடுக்க வேண்டும் என்று கடை முதலாளி கேட்டிருக்கிறார், இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அவளுடைய தம்பி வந்து சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனான். அவன் மேஸ்திரியிடம்தான் வேலை செய்கிறான். நெட்டையும் ஒல்லியுமாக இருப்பதால் தொழிலில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்றே பெயர். "மாமா மேல ஏறி நின்னா வேற யாரும் அந்தப் பூவைத் தொட முடியாதுக்கா" என்றான். அவளுக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. அந்தக் கூரைக்குக் கீழே தரையெல்லாம் வழுவழுவென்று கல் பதித்திருக்கிறார்களாம்.

அதனால்தான் ஏணி. வீட்டுக்குள் ஒரு ஏணி வந்து நின்றுவிட்டால், ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் வாயைத் திறக்க வேண்டும். இரண்டில் ஒன்று திங்கட்கிழமைக்குள் நடந்தாக வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

கடையில் சுத்தியல், குழாய், வாளி, கயிறு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் ஏணிகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. விற்கிற பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே வந்தாள். "வீட்டுக்கா, வேலைக்காண்ணே?" என்று கேட்டாள். "வீட்டுக்குத்தான்" என்று மேஸ்திரியின் மனைவி முந்திக்கொண்டு சொன்னாள். "விலை அதிகம் போகாம, உறுதியா, நானே தூக்கி வைக்கிற மாதிரி."

மேஸ்திரி ஆரம்பித்தார். முதலில் ஓர் இரும்பு ஏணி. அதைத் தூக்கிப் பார்த்து, "இதைத் தூக்கி வைக்கிறதுக்குத் தனியா ஆள் வேணும்" என்றார். அடுத்தது அலுமினியம். படியை விரலால் சுண்டி ஓசை கேட்டார். "தகரம். நடுப்படி வளைஞ்சிடும்." இன்னொன்றில் மடக்கும் இடத்தில் இருந்த கொண்டி சரியில்லை. மற்றொன்றில் கால் ரப்பர் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், திருகாணி இல்லை. கைப்பிடியும் மேலே சின்னத் தட்டுமாக ஒன்று நின்றது. அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார், விலை கட்டாது என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். இரண்டே படி வைத்த பிளாஸ்டிக் முக்காலியைக் கண்டதும், "இதுல ஏறுறதுக்கு நான் எட்டிக் குதிச்சிடுவேன்" என்றார்.

"எத்தனை நாள்தான் எட்டிக் குதிக்கிறதாம்?" என்றாள் அவள்.

பெண் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். "அண்ணன் தொழில்காரர் போல. எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்றாரே" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஆனால் இவர் ஆடத் தெரிந்தவர். இத்தனை வருஷமாக ஆடித்தான் வீட்டை நடத்தினார். சொல்கிற குறையெல்லாம் உண்மையான குறைகள்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. ஒவ்வோர் ஏணியையும் இவ்வளவு அக்கறையாகத் தடவிப் பார்க்கிறவர், ஒன்றின் முதல் படியில்கூடக் காலை வைக்கவில்லை.

கடைசியில் பெண் மூலையிலிருந்து ஒரு மர ஏணியை இழுத்து வந்தாள். நீல நிறப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது. விலையும் எல்லாவற்றையும்விடக் குறைவு. மேஸ்திரி மனைவிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மேஸ்திரி அதை நெருங்கிக்கூடப் போகவில்லை.

"வேணாம்."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"மர ஏணிக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? நாங்க தொழில்ல அடிக்கவே மாட்டோம். எண்ணெய் தடவுவோம், அவ்வளவுதான். பெயின்ட் அடிச்சா உள்ள விரிசல் விட்டிருக்கிறது தெரியாது. மேல போய் நிக்கும்போதுதான் தெரியும்."

கடைப் பெண் நல்ல விஷயம் கேட்ட மாதிரித் தலையை ஆட்டினாள். மேஸ்திரி மனைவி தலையாட்டவில்லை. அந்தப் பெண் ஏணியைத் திரும்ப மூலையில் கொண்டுபோய் வைக்கிற வரை காத்திருந்தாள். பிறகு அவர் பக்கம் நெருங்கி, மெதுவாக, "அது ஏணிக்கு மட்டும்தானா? நீங்க மட்டும் ஏன் இத்தனை நாளா பூசி மெழுகுறீங்க?" என்றாள்.

மேஸ்திரி அவளைப் பார்த்தார். என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த ஏதோ ஓர் ஏணியின் கொண்டியைப் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். அவர் காதோரம் சிவந்திருந்தது. இப்படி நாலு பேர் நடமாடுகிற இடத்தில் கேட்டுவிட்டோமே என்று அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கேட்காவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடுமே என்றும் இருந்தது.

"இந்த அலுமினியம் பாருங்கக்கா" என்று பெண் திரும்பி வந்தாள். "நடுத்தர விலைதான். படி அகலம், கால்ல திருகாணி போட்ட ரப்பர். அண்ணே, நீங்களே ஒரு தடவ ஏறிப் பாருங்க. ஏறிப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வாங்குவாங்க."

மேஸ்திரி ஏணியை விரித்தார். கொண்டியைப் போட்டார். கையால் உலுக்கினார். படியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தள்ளுங்க, நான் ஏறுறேன்" என்றாள் அவள்.

"நீயா? விளையாடாத. பொடவையைக் கட்டிக்கிட்டு..."

"வீட்டுல இருக்கப் போறவ நான். நான் ஏறிப் பாக்காம வேற யாரு பாப்பாங்க? பிடிங்க."

புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். அவளுக்கு ஏணி பழக்கமில்லை. பிடிக்கிற வேலைதான் எப்போதும் அவளுடையது. முதல் படி ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் கடைக்கு வந்தவர்களின் தலைகள் தெரிந்தன. அதற்கும் மேலே போனதும் அலமாரிகளின் மேற்புறம் தெரிந்தது. அங்கே யாரும் தொடாத தூசியும், எப்போதோ வைத்து மறந்த ஒரு டீ டம்ளரும் இருந்தன. அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. இவ்வளவு காலம் இந்த உயரத்தில் நின்றுகொண்டு இவர் என்னென்ன பார்த்திருப்பார், ஒன்றையும் சொன்னதே இல்லையே.

"இங்க இருந்து பாத்தா உங்க உச்சந்தலை வழுக்கை நல்லாவே தெரியுது" என்றாள்.

பழைய பழக்கத்தில் மேஸ்திரி சட்டென்று முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். அவர் கண்கள் ஒரு பக்கமாக ஓடின. இரண்டு கையும் ஏணியை இறுகப் பற்றின. அவளைப் பிடிப்பதற்காக அல்ல, தான் விழாமல் இருப்பதற்காக. அவர் கையின் நடுக்கம் ஏணிக் கால் வழியாக ஏறிப் படிக்கு வந்து, அவள் உள்ளங்காலில் தெரிந்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைக்கு வந்திருந்த எவரும் எதையும் கவனிக்கவில்லை. மனைவிக்கு ஏணி பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு புருஷன், அவ்வளவுதான்.

அவள் அவசரப்படாமல் இறங்கினாள். அவர் தோளில் கையை வைத்து, ஏதோ தன்னைத் தாங்கிக்கொள்வது போல அவரைத் தாங்கிக்கொண்டாள்.

"என்னக்கா, ஆடுதா?" என்றாள் கடைப் பெண்.

"ஏணி ஆடலம்மா. இதையே பில் போட்டுடு."

வண்டியில் அனுப்பினால் தனிக் கூலி என்றார்கள். வீடு சில தெரு தள்ளித்தான் என்பதால் இருவரும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மடக்கிய ஏணியின் முன்முனை மேஸ்திரி கையில், பின்முனை அவள் கையில். நீளமானதைத் தூக்கிப் போவதற்குத் தொழிலில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் வழியைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவர் அதைக் கேட்டு நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் திரும்பினால் ஏணியும் திரும்பும், யார் வீட்டு ஜன்னல் கண்ணாடியாவது போய்விடும். மேஸ்திரி நடக்க ஆரம்பித்ததுமே அவர் வாய் தானாக அந்த முறைக்குப் போய்விட்டது.

"பள்ளம். இடது பக்கம் வா. வண்டி வருது, நில்லு. ம், வா."

எதிரே வந்த சலவைக்காரர் நின்று, "என்ன மேஸ்திரி, வீட்டம்மாவையும் வேலைக்குச் சேத்தாச்சா?" என்று கேட்டார். "சம்பளம் கட்டுப்படியாகலைய்யா, அதான்" என்றார் மேஸ்திரி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் அவருடைய முதுகைப் பார்த்தபடியே நடந்தாள். அவள் தைத்த சட்டை. தோள்பட்டை இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறியிருந்தன.

தெரு திரும்பியதும் ஆள் நடமாட்டம் குறைந்தது.

"படி ஒண்ணு இருக்கு. பாத்து" என்றார். பிறகு, அதே குரலில், வழி சொல்வது போலவே, "டாக்டர் வீட்டு மாடி ஹால் வேலை அன்னிக்குத்தான் முதல்ல வந்துச்சு" என்றார்.

அவள் படியைப் பார்த்துத் தாண்டினாள்.

"மேல நிக்கிறேன். ஓரம் அடிச்சிட்டு அடுத்த மூலையை நிமிந்து பாத்தேன். கூரை அப்படியே சுத்துது. கூரை சுத்துதா, நான் சுத்துறேனான்னு தெரியல... கல்லு கிடக்கு, வலது பக்கம் வா... ஏணி உச்சியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உன் தம்பி கீழ இருந்து, மாமா ஓய்வு எடுக்குறார்னு நெனச்சுப் பாட்டுப் பாடுறான். கண்ணை மூடிக்கிட்டு, காலால தடவித் தடவி ஒவ்வொரு படியா இறங்குனேன். இறங்கி வந்து, அந்த மூலையை நீ அடிடான்னு சொல்லிட்டு வெளிய போய் உக்காந்துட்டேன்."

"டாக்டர் வீட்டுலதானே வேலை? அவரையே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்லுவாரு? ஏறாதேம்பாரு." ஒரு பள்ளத்தைத் தாண்டினார். "அதுக்கப்புறம் ரெண்டு தடவ வந்துச்சு. இப்ப வராட்டியும் பயமா இருக்கு. முதல் படியில கால் வெக்கும்போதே வேர்த்துடுது. ஏறாத மேஸ்திரிக்கு எவன் வேலை குடுப்பான், நீயே சொல்லு. கீழ நின்னு கையைக் காட்டுறவனை மேஸ்திரின்னு எவனாவது சொல்லுவானா?"

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இத்தனை மாதமாக இந்தச் சுமையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாரே, பக்கத்தில் படுத்திருக்கிறவள் என்ன கல்லா? கண்ணீரைத் துடைக்கக் கை இல்லை, கையில் ஏணி. அது பாட்டுக்கு வழிந்தது. அவர் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் அவளும் அதை மறைக்கவில்லை.

"யாரு வேணா சொல்லட்டும், சொல்லாம போகட்டும்" என்றாள். "எனக்கு நீங்க முழுசா வேணும். தம்பிகிட்ட நான் பேசட்டுமா?"

"நீ பேசாத."

"அப்ப நீங்க பேசுங்க."

"வளைவு" என்றார். இருவரும் வளைந்தார்கள்.

வீட்டுத் தெருமுனையில் அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மேஸ்திரி நின்றார். அவளும் நின்றாள். அவர் தன் பக்க முனையை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"சொல்லுடா மச்சான்... ஆமா... பட்டி மாவு வந்துருச்சா?... ப்ரைமர் ரெண்டு டின் போதாது, இன்னொண்ணு சொல்லி வை... சாரத்துக்கு ஆள் பேசியாச்சா?... சரி... சரி."

அவள் தன் முனையைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் அலுமினியம் கணீரென்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும், "உன் அக்கா நிக்கிறா, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்துவிடுவார். அவளுக்கு அவரைத் தெரியும். இடுப்பில் முட்டுக் கொடுத்து ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய பூவா?" என்றார் மேஸ்திரி. போன் காதிலேயே இருந்தது. அவருடைய இடது கை தன் பின்கழுத்தைத் தடவியது. "அதை நான் ஏறி அடிக்கலடா... இல்ல. மேல நீ ஏறு. கீழ நான் பிடிச்சுக்கிறேன்."

அந்தப் பக்கம் ஒட்டடைக்குச்சி என்னவோ படபடவென்று பேசினான். அவளுக்கு வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் கொசு மாதிரிக் கேட்டது.

"இல்லடா" என்றார் மேஸ்திரி. "கால் வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீயா எதையாவது சொல்லிக்காத. மொதலாளிகிட்டயும் கால் வலின்னு சொல்லாத. நான் சொல்றதைக் கேளு. எனக்குத் தலை சுத்துது. பயமா இருக்கு."

அந்தப் பக்கம் குரல் நின்றுவிட்டது. மேஸ்திரி காத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரர் வழி கேட்டு மணி அடித்தார். அவள் கை கடுத்தது, ஆனாலும் முனையை இறக்காமல், சத்தம் போடாதீர்கள் என்று அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். சைக்கிள்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டார். ஏணி ஒரு முனை தெருவிலும் ஒரு முனை அவள் இடுப்பிலுமாகச் சரிந்து கிடந்தது.